உத்தரத்திற்கு மரம் தேர்தல்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. தாவரவியல்

சுவரில் விரிசல் கண்டால் பூசி விடலாம். தரையில் குழி விழுந்தால் மண் கொட்டி நிரப்பி விடலாம். ஆனால் தலைக்கு மேலே கிடக்கும் உத்தரம் உள்ளே உளுத்துப் போனால், பல சமயம் அது இறங்கும் நாள் வரை நமக்குத் தெரிவதில்லை. ஓட்டு வீடு கட்டும் ஒரு குடும்பம் தன் வாழ்நாளில் பெரும்பாலும் ஒரே ஒரு முறைதான் உத்தர மரம் வாங்குகிறது. வாங்கும்போது கேட்கும் கேள்விகளோ, "இது என்ன மரம்? கன அடி என்ன விலை?" என்ற இரண்டோடு முடிந்து விடுகின்றன. இவ்விரண்டும் போதா என்பதையும், தாவரவியலும் பௌதிகமும் நமக்குக் கற்றுத் தரும் வேறு சில கேள்விகளையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கான்கிரீட் வந்த பிறகு மர உத்தரத்திற்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். ஓட்டுக் கூரை, திண்ணைச் சாய்ப்பு, மாட்டுக் கொட்டகை, கிணற்றடிப் பந்தல், தோட்டத்துக் கொடிப் பந்தல் ஆகியவற்றிற்கு இன்றும் மரமே வேண்டியிருக்கிறது. பழைய வீட்டைப் பழுது பார்ப்போருக்கும் மரத்தின் குணம் தெரிந்திருத்தல் அவசியம்.

அகக்காழும் புறக்காழும்

நம் இலக்கண நூல்களுள் மிகப் பழமையானதாகிய தொல்காப்பியம், மரபியலில் தாவரங்களை இரு பெரும் பிரிவாகப் பிரிக்கிறது. உள்ளே வைரம் உடையவை மரம். புறத்தே வைரம் உடையவை புல். காழ் என்னும் சொல்லுக்கு வைரம் என்பது பொருள். இப்பிரிவின்படி தேக்கும் வேம்பும் மரம். பனையும் தென்னையும் மூங்கிலும் புல். வானளாவ நிற்கும் பனையைப் புல் என்பதா என்று முதலில் வியப்பாக இருக்கும். ஆனால் வகுப்பில் நாம் படிக்கும் பாடமும் ஏறத்தாழ அதையே சொல்கிறது. பனை ஒருவித்திலைத் தாவரம். நெல்லும் அறுகும் சேர்ந்த பெரும் பிரிவைச் சேர்ந்தது. தேக்கு இருவித்திலைத் தாவரம்.

இந்த வேறுபாடு தேர்வுத் தாளுக்கு மட்டும் உரியதன்று. உத்தரம் தேர்பவருக்கு இதுவே முதற்பாடம். ஒரு தண்டில் வைரம் எங்கே இருக்கிறது என்று அறிந்தால்தான், எந்தப் பகுதியைக் கொள்வது, எந்தப் பகுதியைத் தள்ளுவது என்பது தெரியும்.

உள்ளே வைரம்: தேக்கு முதலியவை

தேக்கின் தண்டில் கேம்பியம் என்னும் வளர்திசு ஆண்டுதோறும் புதிய கட்டையை வெளிப்புறமாகச் சேர்த்துக்கொண்டே போகிறது. வெளிப்புறத்திலுள்ள இளங்கட்டை, வேர் உறிஞ்சிய நீரை மேலே கொண்டு செல்கிறது. மாவுச்சத்தைச் சேமித்து வைக்கிறது. இதுவே சாற்றுக்கட்டை. தச்சர்கள் இதை வெள்ளை என்பார்கள். காலம் செல்லச் செல்ல உட்புறத்திலுள்ள உயிர்ச் செல்கள் மடிகின்றன. மடியும் முன் அவை எண்ணெய், பிசின், நிறப்பொருள் முதலியவற்றை அக்கட்டையில் நிரப்பி விடுகின்றன. பல மரங்களில் டைலோஸ் என்னும் வளர்ச்சிகள் சைலக் குழாய்களையும் அடைத்து விடுகின்றன. இவ்வாறு உருவாவதே வைரக்கட்டை.

கறையான் தேக்கை உண்பதில்லை என்பது பாதி உண்மையே. தேக்கின் வைரக்கட்டையில் உள்ள டெக்டோகுவினோன் போன்ற பொருள்கள்தாம் கறையானையும் பூஞ்சையையும் விலக்குகின்றன. அதே தேக்கின் வெள்ளையில் இப்பொருள்கள் போதிய அளவு இல்லை. வண்டுகள் விரும்பும் மாவுச்சத்தோ உண்டு. ஆகவே வெள்ளைத் தேக்கும் வெள்ளை மாமரமும் பூச்சிக்கு ஏறத்தாழ ஒன்றே. எந்த மரமாயினும் அதன் சாற்றுக்கட்டை நிலைத்து நிற்பதில்லை என்பது பொது விதி.

இங்கே ஒரு செய்தியைக் கூற வேண்டும். இளமையிலேயே வெட்டிய தேக்கில் தண்டின் பெரும்பகுதி வெள்ளையாகவே இருக்கும். மரவாடியில் அதுவும் தேக்கு என்றே விற்கப்படுகிறது, பொய்யும் அன்று. எங்கள் தெருவில் ஒரு குடும்பம் சீட்டுப் பணம் முழுவதையும் போட்டு அத்தகைய தேக்கை வாங்கிக் கூரை ஏற்றியது. சில ஆண்டுகளில் கைமரங்களிலிருந்து மாவு கொட்டத் தொடங்கியது. கூரையைப் பிரித்து மீண்டும் போடும் செலவு அக்குடும்பத்தை எவ்வளவு காலம் அழுத்தியது என்பதை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்தவன் நானே முதல்வன். தாய்மாமன் தச்சு வேலை செய்பவர். அவருக்குச் சாற்றுக்கட்டை என்ற சொல் தெரியாது. ஆனால் அந்த வீட்டின் கைமரத்தை உளியால் ஒரு முறை கீறிப் பார்த்துவிட்டு, "மாப்ளே, மரம் பேரால நிக்காதுடா, வைரத்தால நிக்கும்" என்றார். ஓராண்டுப் பாடத்தின் சாரம் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது.

மரம் எத்தனை காலம் நிலைக்கும் என்பதை ஆராய ஒரு நேரடி முறை உண்டு. டேராடூனிலுள்ள வன ஆராய்ச்சி நிறுவனம் முதலிய இடங்களில், வைரக்கட்டையிலிருந்து அறுத்த முளைகளைப் பாதி மண்ணில் புதைத்து, அவை கறையானாலும் பூஞ்சையாலும் அழிய எத்தனை மாதம் ஆகின்றது என்று கணக்கிடுவார்கள். சராசரியாக 120 மாதமும் அதற்கு மேலும் நிற்பவை முதல் வகுப்பு. 60 முதல் 120 மாதம் வரை நிற்பவை இரண்டாம் வகுப்பு. 60 மாதத்திற்குள் அழிபவை மூன்றாம் வகுப்பு. தேக்கு முதல் வகுப்பில் நிற்கிறது. மாமரம் மூன்றாம் வகுப்பில் நிற்கிறது. மண் படாத கூரையில் இவை இன்னும் நெடுங்காலம் நிற்கும் என்பது சொல்லாமலே விளங்கும்.

குளிர் நாட்டிலும் அதே கேள்வி

வைரத்தைப் பார்த்து வாங்கும் வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலை மக்கள் வீட்டு உத்தரத்திற்கும் தோட்ட வேலைக்கும் லார்ச் என்னும் மரத்தை விரும்புகின்றனர். இது பைன் குடும்பத்தைச் சேர்ந்த ஊசியிலை மரம். ஆனால் அக்குடும்பத்தின் பெரும்பாலான மரங்களைப் போலன்றிக் குளிர்காலத்தில் இலை முழுவதையும் உதிர்த்து விடும். இதன் உறவினம் ஒன்று நம் நாட்டில் சிக்கிமின் இமயமலைச் சரிவுகளிலும் வளர்கிறது. லார்ச்சின் வைரக்கட்டை செந்நிறமானது, பிசின் மிக்கது, உலர்ந்த நிலையில் கன மீட்டருக்கு ஏறத்தாழ 600 கிலோ எடையுள்ளது. தேக்கின் எடை ஏறத்தாழ 650 கிலோ என்பதோடு ஒப்பிட்டால், ஊசியிலை மரங்களுள் இது கனமானது என்பது விளங்கும். கி.மு. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் தம் நூலில் இம்மரத்தைப் பற்றி எழுதியிருக்கிறார்.

அங்கும் வெளிறிய வெள்ளையை நீக்கி விட்டே வெளிப்புற வேலைக்கு எடுக்கின்றனர். மலையுச்சியில் குளிரில் மெதுவாக வளர்ந்து, வளையங்கள் நெருங்கியிருக்கும் மரத்திற்கே மதிப்பு அதிகம். இங்கு நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. வளையம் நெருங்கினால் கட்டை கனக்கும் என்பது ஊசியிலை மரங்களுக்குப் பொருந்தும் விதி. தேக்கிற்கு அதை அப்படியே பொருத்தக் கூடாது. தேக்கில் வளையத்தின் அகலத்தைக் காட்டிலும், வெள்ளை எவ்வளவு, வைரம் எவ்வளவு என்பதே பார்க்கத் தக்கது.

வெளியே வைரம்: பனை

இனிப் பனைக்கு வருவோம். பனையில் கேம்பியம் இல்லை. ஆண்டு வளையமும் இல்லை. வாஸ்குலார் கற்றைகள் தண்டு முழுவதும் சிதறிக் கிடக்கின்றன. அவை வெளிப்புறத்தில் நெருக்கமாகவும் நடுவில் தளர்வாகவும் அமைந்துள்ளன. கற்றைகளைச் சூழ்ந்த நார்ச் செல்களின் சுவர், மரத்தின் வயது ஏற ஏறத் தடித்துக் கொண்டே போகிறது. அதிலும் அடிப்பகுதியில் அதிகம். இதனால்தான் முதிர்ந்த பனையின் அடிமரத்து வெளிப்பகுதி இரும்பு போல் கறுத்து இறுகி நிற்கிறது. நடுவில் இருப்பதோ சோறு போன்ற மென்பகுதி.

ஆகவே பனையை அறுக்கும் முறையே வேறு. தேக்குத் தடியைச் சதுரிக்கும்போது வெளிப்புறத்தைச் சீவித் தள்ளுகிறோம். பனையை அப்படிச் சதுரித்தால் வைரம் எல்லாம் சில்லாகப் போய், நடுச்சோறு உத்தரமாக வந்து நிற்கும். பனையை நீளவாக்கில் பிளந்து, உட்சோற்றைக் கொத்தி எறிந்து, புறவைரத்தை மட்டும் பனங்கைகளாக எடுக்க வேண்டும். நம் ஊர்ப் பழைய ஓட்டு வீடுகளின் மேலே அண்ணாந்து பார்த்தால் தெரியும் கருஞ்சட்டங்கள் இவையே.

தென்னைக்கும் இதே விதி. தென்னந்தண்டின் வெளிப்பகுதிக் கட்டை கன மீட்டருக்கு 600 கிலோவுக்கு மேல் இருக்கலாம். நடுப்பகுதியோ 400 கிலோவுக்கும் கீழ். ஒரே மரத்துக்குள் இவ்வளவு வேறுபாடு இருக்கும்போது, தென்னை உத்தரத்திற்கு ஆகுமா ஆகாதா என்ற கேள்வியே பொருளற்றது. தென்னையின் எந்தப் பகுதி என்பதே கேள்வி.

ஈரம்

பச்சை மரத்தில் உள்ள நீர் இரு வகை. செல்லின் குழியில் நிற்பது ஒன்று. செல் சுவரில் ஊறியிருப்பது மற்றொன்று. குழியிலுள்ள நீர் வெளியேறும்போது மரத்தின் அளவு மாறுவதில்லை. எடை மட்டுமே குறையும். ஈரம் ஏறத்தாழ 30 சதவீதத்திற்குக் கீழே இறங்கும்போதுதான் சுவரின் நீர் வெளியேறி மரம் சுருங்கத் தொடங்குகிறது. அந்தச் சுருக்கமும் எல்லாத் திசையிலும் சமமன்று. வளையத்தின் போக்கில் சுருங்குவது, மையத்திலிருந்து வெளிநோக்கிச் சுருங்குவதைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. நீளவாக்கிலோ சுருக்கம் மிக அற்பம். மரம் வெடிப்பதற்கும் கோணுவதற்கும் இதுவே காரணம். தண்டின் மையம் உள்ளே அடங்கிய உத்தரம் காயும்போது வெடிப்பு விடுவது பெரும்பாலும் தவிர்க்க முடியாதது.

ஈரத்தை அளக்க நம் ஆய்வுக்கூடக் கருவிகளே போதும். ஒரு சிறு துண்டை எடை போடுக. 103 டிகிரி செல்சியஸ் வெப்ப அடுப்பில், எடை மேலும் குறையாத வரை உலர்த்தி மீண்டும் எடை போடுக. இழந்த எடையை உலர்ந்த எடையால் வகுத்து நூறால் பெருக்குக. 130 கிராம் துண்டு 100 கிராம் ஆனால் ஈரம் 30 சதவீதம். மரத்தை அழிக்கும் பூஞ்சைகள் வளர 20 சதவீதத்திற்கு மேற்பட்ட ஈரம் வேண்டும். அதற்குக் கீழே உலர்த்தி, அதற்குக் கீழேயே வைத்திருந்தால் மரம் மக்காது. வெயிலில் நேராகப் போடாமல், நிழலில், தரையில் படாமல், இடையிடையே குச்சி வைத்துக் காற்றோட அடுக்கி மாதக்கணக்கில் உலர்த்தும் பழைய முறை முற்றிலும் விஞ்ஞான முறையே.

அகலமா, உயரமா?

நல்ல மரத்தையும் தவறாக வைத்தால் பயன் குறையும். உத்தரத்தின் வலிமை அதன் அகலத்தையும், உயரத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. வளையாமல் நிற்கும் தன்மையோ உயரத்தின் கனத்தைப் பொறுத்தது. 4 அங்குலத்துக்கு 6 அங்குல மரம் ஒன்றை எடுத்துக் கொள்வோம். 6 அங்குலப் பக்கத்தை நெட்டுக்குத்தாக நிறுத்தினால் 4 × 6 × 6 = 144. அதையே படுக்க வைத்தால் 6 × 4 × 4 = 96. காசு ஒன்றும் கூடாமல் வலிமை ஒன்றரை மடங்காகிறது. வளைவைத் தாங்கும் தன்மை இரண்டே கால் மடங்காகிறது. மட்டப் பலகை ஒன்றைப் படுக்க வைப்பதற்கும் நிறுத்தி வைப்பதற்கும் உள்ள இவ்வேறுபாட்டைக் கலீலியோ 1638-இல் வெளியிட்ட தம் நூலிலேயே விளக்கியுள்ளார்.

இடைவெளி நீண்டால் ஆபத்து விரைந்து வளர்கிறது. நடுவில் பாரம் தொங்கும் உத்தரத்தின் நீளத்தை 8 அடியிலிருந்து 16 அடியாக்கினால், அதே பாரத்திற்கு அது எட்டு மடங்கு தொய்யும்.

உருண்டைத் தடியிலிருந்து மிக வலிய உத்தரத்தை எடுக்கவும் ஒரு வழி உண்டு. தடியின் வெட்டுமுகத்தில் ஒரு விட்டக்கோடு வரைந்து அதை மூன்று சம பங்காக்குக. இரு பிரிவுப் புள்ளிகளிலிருந்தும் எதிரெதிர்த் திசையில் செங்குத்துக் கோடுகளை விளிம்பு வரை இழுக்க. அவை விளிம்பைத் தொடும் இரு புள்ளிகளையும் விட்டத்தின் இரு முனைகளையும் சேர்த்தால் வருவதே மிக வலிய செவ்வகம். அதன் பக்கங்கள் ஏறத்தாழ 5-க்கு 7. ஒரு அடி விட்டமுள்ள தடியிலிருந்து சதுரம் எடுப்பதை விட இவ்வாறு எடுத்தால் மரம் 6 சதவீதம் குறைவு. வலிமை ஏறத்தாழ 9 சதவீதம் அதிகம். இக்கணக்கு உள்ளே வைரமுள்ள மரத்திற்கே உரியது. பனைக்கு ஆகாது என்பதை மறக்க வேண்டா.

தோட்டத்து மரம்

கூரைக்குள் கிடக்கும் மரமும் தோட்டத்தில் நிற்கும் மரமும் ஒன்றல்ல. பந்தல் காலை நட்டால், அது முதலில் அழுகும் இடம் தரைமட்டமே. ஆழத்தில் ஈரம் உண்டு, காற்று குறைவு. மேலே காற்று உண்டு, ஈரம் குறைவு. இரண்டும் சேர்ந்திருக்கும் இடம் தரைமட்டம். ஆகவே பூஞ்சை அங்கே செழிக்கிறது. சவுக்குக் கம்பு பந்தலுக்கு மலிவாகக் கிடைக்கும். ஆனால் நட்ட இடத்தில் விரைவில் இற்றுப் போகும். கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டங்களில் கல்கால்களை நிறுத்தியிருப்பதன் தத்துவம் இதுதான். செட்டிநாட்டு வீடுகளில் பர்மாத் தேக்குத் தூண்கள் கல் ஆதாரத்தின் மேல் நிற்பதும் இதற்காகவே. மரம் மண்ணைத் தொடாதிருப்பதே முதல் மருந்து.

ரசாயன மருந்தும் உண்டு. செம்பு, குரோமியம், ஆர்சனிக் உப்புக்களை மரத்திற்குள் செலுத்திப் பாதுகாக்கும் முறையை 1933-இல் உலகுக்கு அளித்தவர் டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய சொந்தி காமேசம் என்னும் இந்தியர். உலகமெங்கும் பரவிய இம்முறை, ஆர்சனிக்கின் நச்சுத்தன்மை காரணமாக, அமெரிக்காவில் 2003-ஆம் ஆண்டு இறுதியோடு வீட்டு உபயோக மரங்களுக்குப் பெரும்பாலும் கைவிடப்பட்டது. கீரைப்பாத்தி ஓரத்திலும் குழந்தைகள் ஏறி விளையாடும் இடத்திலும் அத்தகைய மரத்தைத் தவிர்ப்பது நலம். அதை அடுப்பில் எரிப்பது கூடவே கூடாது.

மரவாடியில் பார்க்க வேண்டியவை

1. வெட்டுமுகத்தை முதலில் பாருங்கள். வெள்ளை எங்கே முடிகிறது, வைரம் எங்கே தொடங்குகிறது என்று காண்க. பக்கத்தில் எண்ணெய் பூசியிருந்தால் நிறம் ஏமாற்றும். புதிதாக ஒரு முனையை அறுக்கச் சொல்லிப் பாருங்கள்.

2. நாரின் ஓட்டத்தைப் பாருங்கள். 10 அங்குல நீளத்தில் ஓர் அங்குலம் சாய்ந்து ஓடினாலே வலிமையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். நாரோடு செல்லும் வெடிப்பை விட இச்சாய்வு கொடியது.

3. கணு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். உத்தரத்தின் அடிப்பக்கம் இழுபடுகிறது. அந்தப் பக்கத்தின் நடுவில் பெரிய கணு வரக்கூடாது. வேறு வழியில்லையெனில் கணுவுள்ள பக்கம் மேலே வருமாறு வைக்கலாம்.

4. பொடித்துளைகளும் மாவும் உண்டா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

5. பனங்கையாயின், கருநார் நெருங்கியிருக்கிறதா, உட்சோறு முழுதும் நீக்கப்பட்டதா என்று காண்க.

6. பழைய வீடு இடித்த மரத்தை இளக்காரமாக எண்ண வேண்டா. அது நன்றாக உலர்ந்தது. பல்லாண்டு பாரம் சுமந்து காட்டியது. ஆணித்துளை, உளுப்பு, சுவருக்குள் இருந்த முனையின் அழுகல் ஆகியவற்றை மட்டும் சோதித்து வாங்கலாம்.

முடிவுரை

பனை நம் மாநில மரம். முதிர்ந்த ஒரு பனையின் வைரம் பல பத்தாண்டுகளின் சேமிப்பு. அத்தகைய பனைகள் செங்கல் சூளைக்கு விறகாக வெட்டப்பட்டு வந்தன. 2021-ஆம் ஆண்டு தமிழக வேளாண் நிதிநிலை அறிக்கையில், பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று அறிவிக்கப்பட்டது வரவேற்கத்தக்கதே. ஆயினும் சட்டம் நிற்கும் மரத்தைத்தான் காக்கும். இடிக்கும் வீட்டிலிருந்து இறங்கும் பனங்கைகளை விறகுக் கடைக்கு அனுப்பிவிட்டு, வெள்ளை மிகுந்த இளந்தேக்கைக் கடன்பட்டு வாங்குவதை எந்தச் சட்டமும் தடுக்காது. அறிவு ஒன்றே தடுக்கும்.

அந்த அறிவு நம்மிடம் இரு துண்டாகக் கிடக்கிறது. ஒரு துண்டு தச்சரின் கையில். மறு துண்டு நம் பாடப் புத்தகத்தில். கறையான் ஏன் வெள்ளையைத் தின்கிறது என்று அவரிடம் நாம் சொல்ல வேண்டும். வைரம் பாய்ந்த கட்டையைத் தட்டிப் பார்த்தே எப்படி அறிவது என்று அவரிடம் நாம் கேட்க வேண்டும். நம்மில் பலருடைய பெற்றோர் இனிமேல்தான் ஓட்டு வீடோ சாய்ப்போ கட்டப் போகிறார்கள். அன்று மரவாடிக்கு அவர்களோடு நாமும் செல்வோமாக. விலை கேட்கும் முன் வெட்டுமுகத்தைக் காட்டச் சொல்லிக் கேட்போமாக.